நிழற்படக் கலையும் மாணவரும்



நிழற்படக் கலையைப் புதிதாகப் பயிலத் தொடங்கும் இளைஞர்க்குப் பயன்படக்கூடிய சில கருத்துகளை எடுத்துரைக்குமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்துள்ளனர். நான் இத்துறையில் தொழில் நடத்தியவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனினும், பள்ளியில் நிழற்படக் கழகம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தி வந்தேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இக்கலையில் எந்த இடத்தில் இடறுகின்றனர், எந்த இடத்தில் தளிர்க்கின்றனர் என்பதை அருகிருந்து கண்டவன். அந்த உரிமையோடு உங்களிடம் பேசுகிறேன்.

கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவன் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ஐயா, எந்தக் காமிரா வாங்கினால் நல்ல படம் எடுக்கலாம்?" என்பதே அது. அக்கேள்விக்கு நான் நேராக விடை சொல்வதில்லை. ஆன்சல் ஆடம்ஸ் என்பவரின் இளமைக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

ஆடம்ஸ் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். பள்ளிக்கு அடங்காத பிள்ளை. ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாத துறுதுறுப்பு அவருக்கு. ஒரு பள்ளியும் ஒத்துவராமற்போகவே, தந்தையார் மகனை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். 1916ஆம் ஆண்டு, அவருடைய பதினான்காம் வயதில், குடும்பத்தார் யோசெமிட்டி என்னும் மலைப்பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். அங்கேதான் பெற்றோர் அவர் கையில் ஒரு பிரௌனி காமிராவைக் கொடுத்தனர். கோடக் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலைக்கு அறிமுகப்படுத்திய வகையைச் சேர்ந்த எளிய பெட்டி அது.

மலையைப் படம் பிடிக்கும் ஆசையால் சிறுவன் உளுத்துப்போன மரக்கட்டை ஒன்றின் மேல் ஏறினான். கட்டை முறிந்தது, அவன் தலைகீழாக விழுந்தான். விழும் வேளையில் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. பிலிமைக் கழுவிய கடைக்காரர், 'இந்த ஒரு படத்திற்கு மட்டும் காமிராவைத் தலைகீழாகப் பிடித்தது ஏன்?' என்று வியந்தாராம். மற்றப் படங்களெல்லாம் நேராக இருக்க, அரைக்கோள வடிவான ஆஃப் டோம் மலை அதில் மட்டும் தலைகீழாகப் பதிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியை நகைப்புக்காக மட்டும் நான் சொல்லவில்லை. அச்சிறுவன் அடுத்த ஆண்டே, படம் கழுவிக் கொடுக்கும் ஒருவரிடம் பகுதிநேர உதவியாளனாகச் சேர்ந்தான். இருட்டறையில் நின்று, மருந்து நீரில் தாளை அலசி, ஒளி கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று கையால் அறிந்தான். ஆண்டுதோறும் அதே பள்ளத்தாக்கிற்குத் திரும்பிச் சென்றான். அதே மலையை, வேறு வேறு பொழுதுகளில், மீண்டும் மீண்டும் நோக்கினான். இதற்கிடையில் பியானோவும் பயின்றான். இசைக்கலைஞனாக வேண்டும் என்பதே நெடுநாள்வரை அவன் எண்ணமாக இருந்தது. நாள்தோறும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இசைப் பயிற்சியின் ஒழுங்கு, அவனுடைய இருட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

இனி, பதினோர் ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 1927 ஏப்ரல் 10. பெரிய காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, நண்பர்களோடு பனியில் ஏறி, அதே ஆஃப் டோம் மலையின் முகத்துக்கு எதிரே ஆடம்ஸ் நின்றார். கையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் வடிகண்ணாடி வைத்து எடுத்தார். எடுத்த உடனே அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. தாம் கண்ட மலை கம்பீரமானது. இப்படத்திலோ வானம் வெளிறி நிற்கும். மலையின் பெருமிதம் வெளிப்படாது என்று உணர்ந்தார். கடைசித் தகட்டிற்கு அடர் சிவப்பு வடிகண்ணாடியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும் என்பது நீங்கள் அறிவியலில் படித்ததே. நீலவானத்தின் ஒளி தகட்டை அடையாமையால், படத்தில் வானம் ஏறத்தாழக் கருமையாயிற்று. அக்கருமையின் முன்னே பாறை எழுந்து நின்றது. நிழற்படக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்ட படங்களுள் அதுவும் ஒன்று.

மாணவர்களே! இரண்டு படங்களையும் எடுத்தது ஒரே காமிரா, நின்ற இடமும் ஒன்றே, மலையும் ஒன்றே. பொத்தானை அழுத்துமுன் படத்தை மனக்கண்ணில் காணும் ஆற்றலே இரண்டாவது படத்தை வேறாக்கியது. 'எந்தக் காமிரா நல்லது?' என்னும் வினாவுக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. உங்கள் வீட்டிலுள்ள கைபேசியே தொடக்கத்திற்குப் போதும். அதற்கெனக் கடன் வாங்குமாறு தந்தையாரை வருத்த வேண்டா.

ஆனால் காமிராவின் உள்ளே நிகழ்வது இன்னதென்று அறியாமல் பயிலவும் கூடாது. காலணிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் குண்டூசியால் சிறு துளை இடுங்கள். எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய மெல்லிய தாளை ஒட்டுங்கள். தலையையும் பெட்டியின் தாள்பக்கத்தையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, துளை வெயிலில் நிற்கும் மரத்தைப் பார்த்திருக்குமாறு பிடியுங்கள். தாளில் மரம் தலைகீழாகத் தோன்றும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் கீழும், கீழிருந்து வரும் கதிர் மேலுமாக விழுகின்றது. எவ்வளவு விலையுயர்ந்த காமிராவானாலும் அதன் உள்ளே உலகம் இப்படித் தலைகீழாகத்தான் விழுகிறது.

அடுத்து, ஒளியின் அளவு. இதனைக் குழாயடியில் குடம் நிரப்புவதோடு ஒப்பிட்டு விளக்குவது என் வழக்கம். குழாயின் வாய் அகன்றிருந்தால் குடம் விரைவில் நிறையும். குறுகியிருந்தால் நேரம் பிடிக்கும். சிறு குடமாயின் சற்று நீரே போதும். குழாயின் வாய்தான் காமிராவின் துளை. குழாய் திறந்திருக்கும் நேரமே ஷட்டரின் நேரம். குடத்தின் அளவு, ஐ.எஸ்.ஓ. என்று குறிக்கப்படும் ஒளியுணர்வு. அந்த எண் ஏற ஏறக் குடம் சிறியதாகிறது எனக் கொள்ளுங்கள். குடம் வழிந்தால் படம் வெளுத்துவிடும், நிறையாவிட்டால் இருண்டுவிடும்.

துளையின் அளவை 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று குறிப்பர். எண் பெருகப் பெருகத் துளை சிறிதாகும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறையும். ஆகவே 8 என்னும் துளையில் ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறப்பதும், 5.6 என்னும் துளையில் 250இல் ஒரு பங்கு நேரம் திறப்பதும் ஒரே அளவு ஒளியைத் தரும். இரண்டில் எதைத் தேர்வது? ஓடுகின்ற சிறுவனை அசைவின்றிப் பிடிக்க வேண்டுமாயின் 500இல் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தைக் கொள்ளுங்கள். அருகிலுள்ள தூண்முதல் தொலைவிலுள்ள கோபுரம்வரை தெளிவாக வேண்டுமாயின் சிறு துளையைக் கொள்ளுங்கள். பழைய படப்பிடிப்பாளர்கள் அளவு கருவி இல்லாமலே ஒரு விதியைக் கையாண்டனர்: நல்ல வெயிலில் துளை 16, ஒளியுணர்வு 100 ஆனால் நேரம் ஏறத்தாழ 100இல் ஒரு பங்கு, 200 ஆனால் 200இல் ஒரு பங்கு. இவ்விதி இன்றும் பொய்ப்பதில்லை.

இத்தனையும் அறிந்த பின்னும் ஒளியின் அளவை மட்டுமே அறிந்தவர்கள் ஆவீர்கள். அதன் குணத்தை அறிய வேண்டும். உங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு ஒன்றைச் சன்னல் அருகே வையுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு படம், நண்பகலில் ஒரு படம், மாலை ஐந்து மணிக்கு ஒரு படம் எடுங்கள். சொம்பு மாறவில்லை, படங்கள் மூன்றும் மூன்று பொருள்களைப் போல இருக்கும். பக்கவாட்டில் வரும் ஒளி உருண்டையைக் காட்டும். நேரே முன்னிருந்து விழும் ஒளி அதைத் தட்டையாக்கும். இச்சிறு சோதனையை ஒரு வாரம் செய்த மாணவன், மனித முகத்தை எந்த ஒளியில் நிறுத்த வேண்டும் என்பதைத் தானே கண்டுகொள்வான்.

எங்கள் கழகத்தின் தொடக்க நாள்களில் பிலிம் காமிரா ஒன்றே இருந்தது. ஒரு சுருளில் 36 படங்கள்; உறுப்பினர் பன்னிருவர்; ஆளுக்கு மூன்று படங்களே வரும். அம்மூன்றுக்காகப் பிள்ளைகள் ஊரெல்லாம் சுற்றுவர். குளக்கரையில் ஒரு மணி நேரம் நின்று, எடுக்காமலே திரும்புவாரும் உண்டு. கைபேசி வந்தபின் ஒரு மாணவன் ஒரே மாலையில் முந்நூறு படங்களோடு வந்து நின்றான். "இவற்றுள் எது உனக்குப் பிடித்தது?" என்று கேட்டேன். அவனால் சொல்ல இயலவில்லை. ஆகையால் உங்களுக்கு ஒரு நோன்பு சொல்லுகிறேன். பயிலும் முதல் ஆறு மாதத்திற்கு நாளொன்றுக்கு மூன்று படங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். துளை, நேரம் முதலியவற்றைக் கருவியே படத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும். காரணத்தை நீங்கள்தாம் எழுத வேண்டும்.

இனி, நுட்பங்களைவிட முதன்மையானது எனக் கருதும் ஒன்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாணவன் ஒருவன் வகுப்புத் தோழனைப் படம் எடுத்தான். அத்தோழன் ஏழ்மையான வீட்டுப் பிள்ளை. மழையில் சேற்றில் வழுக்கி விழுந்து, கிழிந்த சட்டையோடு எழ முயன்ற நொடியில் எடுக்கப்பட்ட படம் அது. கலை நோக்கில் குறை சொல்ல முடியாத படம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மாலைக்குள் அது கைபேசி கைபேசியாகப் பரவிற்று. பிள்ளைகள் சிரித்தனர். விழுந்தவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் சென்றபின், 'இனி அவன் படிக்கப் போவதில்லை. வேலைக்கு அனுப்புகிறோம்' என்று அவன் தாயார் வந்து சொன்னார்.

படம் எடுத்தவனை அழைத்தேன். தண்டனை எதுவும் தரவில்லை. "நீ எடுத்த படம் ஒருவன் படிப்பை நிறுத்தியிருக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். அன்று மாலை தனியாகவே அத்தோழன் வீட்டிற்குச் சென்றான். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாளும் சென்றான். மூன்றாம் நாள் அத்தாயார் அவனைத் திண்ணையில் அமரச் சொன்னார். அங்கே என்ன பேசினர் என்பதை நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒருசேர வகுப்பிற்கு வந்தனர். பரவிய படத்தை முற்றும் திரும்பப் பெற அவனால் இயலவில்லை, எவராலும் இயலாது. அதன்பின் அம்மாணவன் எவரையும் படம் எடுக்குமுன், "எடுக்கலாமா?" என்று கேட்காமல் இருந்ததை நான் கண்டதில்லை.

'எடுக்கலாமா?' என்னும் அச்சொல்லே இக்கலையின் முதற்பாடம். விழுந்தவனைக் கண்டால் முதலில் நீள வேண்டியது காமிராவன்று, கை.

நிழற்படம் புண்படுத்தவும் வல்லது, காக்கவும் வல்லது. நான் முன்பு சொன்ன ஆடம்ஸ், சியரா நெவாடா மலைகளை எடுத்த படங்களை 1936ஆம் ஆண்டு வாஷிங்டன் நகருக்குக் கொண்டுசென்று, அம்மலைப்பகுதியைக் காக்க வேண்டுமென்று அங்குள்ளோரிடம் வாதாடினார். 1940ஆம் ஆண்டு கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்கு அவர் படங்களும் துணைநின்றன. நம் நாட்டில், 1913ஆம் ஆண்டு குசராத்தின் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா அம்மையார், இந்தியாவின் முதல் பெண் செய்திப் படப்பிடிப்பாளராக விளங்கினார். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. விடுதலை பெற்ற நாள்களின் தில்லியை இன்று நாம் கண்ணால் காண்பதற்கு அவருடைய காமிராவும் ஒரு காரணம். 2011ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

உங்கள் ஊரிலும் காக்க வேண்டியவை உள்ளன. தூர்ந்துவரும் ஏரி, இடிக்கப்படவிருக்கும் பழைய சத்திரம், தறி நெய்யும் முதியவரின் கைகள், பாட்டியார் முகம் ஆகியவை நாளை இருக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்? உரியவரிடம் இசைவு கேளுங்கள். நல்ல ஒளி வரும்வரை காத்திருங்கள். படம் எவ்வாறு அமையவேண்டும் என்று மனத்தில் முதலில் காணுங்கள். அதன்பின் பொத்தானை அழுத்துங்கள். எடுத்த படத்தின் ஒரு படியை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாளைக் காலை, சன்னலருகே அந்தச் சொம்பை வைத்துத் தொடங்குங்கள்.