வினா எதுவோ, விடை அதுவே: நகரம் நம்மிடம் கேட்கும் கேள்விகள்



வாக்களிப்பைப் பற்றி மொழியியல் படித்தவர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். யாருக்கு வாக்களிப்பது என்று நாம் இங்கே சொல்லப்போவதில்லை. தாளில் அச்சிட்ட ஒரு வினாவுக்கு ஆம் என்பதா, இல்லை என்பதா என்று முடிவு செய்யுமுன், அந்த வினாவை எப்படிப் படிப்பது என்பதே இன்றைய பொருள். இதைப் பேசும் தகுதி ஒரு தோல்வியால் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் குடியிருந்த அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதற்கு ஏற்கெனவே தடை இருந்தது. அத்தடையை நீக்கக் கோரும் முன்மொழிவு அது. நள்ளிரவில் பெட்டிகள் உருளும் ஓசை கேட்டுத் துயிலிழந்த நாம் அதை எதிர்க்கவே சென்றிருந்தோம். கூட்டத்தை நடத்தியவரோ, “தடை நீடிப்பதற்கு மறுப்பு இல்லாதவர்கள் தவிர மற்றவர்கள் கை தூக்குங்கள்” என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மையார் நம் முழங்கையைத் தொட்டு, “சார், இப்ப கையத் தூக்கணுமா, வேணாமா?” என்றார். நாம் முப்பதாண்டுகள் எதிர்மறைத் தொடர்களைப் பாடமாகக் கற்பித்தவர்கள். தயங்காமல் கையைத் தூக்கினோம்; அவரும் தூக்கினார். இருவரும் தவறாகத் தூக்கினோம்.

அன்று தொட்டு, நகர வாழ்வில் நம்மிடம் கேட்கப்படும் வினாக்களைத் திரட்டிப் படிப்பது நமக்குப் பழக்கமாயிற்று.

பிற நாடுகளில் இவ்வகை வினாக்கள் மிகுதி. சான் பிரான்சிஸ்கோ நகரில் தேர்தல்தோறும் நகர்ப்பிரச்சினைகள் பல வாக்குத் தாளில் இடம்பெறும். அவற்றை எளிய மொழியில் விளக்குவதற்கென்றே அங்கு ஒரு குழு இயங்குகிறது. வாக்காளர் கையேட்டில் ஒவ்வொரு வினாவின் கீழும் ‘ஆம் என்றால் இன்னது நடக்கும், இல்லை என்றால் இன்னது நடக்கும்’ என்று இரண்டு குறிப்புகள் இருக்கும். நமக்கு அப்படியொரு தாள் இல்லை. இருந்த தாளும் போயிற்று.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூரில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 12 இடங்களில் அம்னோ–மசீச கூட்டணி 9 இடங்களையும், மலாயா சுதந்திரக் கட்சி 2 இடங்களையும், சுயேச்சை ஒருவர் ஓரிடத்தையும் பெற்றனர். பங்சாரில் அச்சுதந்திரக் கட்சியின் சார்பில் வென்றவர் தேவகி கிருஷ்ணன். இந்நாட்டில் தேர்தலில் நின்று பொதுப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஒன்பது ஆண்டுகளே அந்த உரிமை நீடித்தது. கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் வந்தபின், 1961 முதல் நியமிக்கப்பட்ட ஆணையர் ஒருவரே கோலாலம்பூரை ஆண்டார். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி நாடெங்கும் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அவரது அறிக்கை, தேர்தல்கள் மீள வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமோ அதன் 15ஆம் பிரிவில், தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தும் செயலற்றுப்போகும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. பினாங்கு மாநிலம் சட்டமியற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

எனவே கோலாலம்பூர்வாசிகள் நாடாளுமன்றத்திற்கு 11 பேரை அனுப்புகிறோம். நகரை நடத்தும் டத்தோ பண்டாரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றமும் நமக்கு இல்லை. கிள்ளான்வாசிகளுக்குச் சட்டமன்றம் உண்டு. ஆயினும் 2024 பிப்ரவரியில் மாநகராக உயர்ந்த கிள்ளானின் மன்ற உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்களே.

இந்நிலையில் நகரம் நம்மிடம் எதையுமே கேட்பதில்லையா என்றால், கேட்கிறது. ஆனால் கேட்பது வினாக்குறி இல்லாமல்.

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தார். விடையை எட்டாகப் பகுத்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பகுதி அது. வினாவில் முதல் இரண்டை மட்டும் நினைவூட்டுகிறோம். விடை தெரியாமல் அறிய விரும்பிக் கேட்பது ஒன்று. விடையை வைத்துக்கொண்டே கேட்பது மற்றொன்று. ஆசிரியர் மாணவரைக் கேட்பது இரண்டாம் வகை. குடிமக்களிடம் கேட்கப்படும் வினா முதல் வகையாக இருத்தல் வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாம் வகையே வந்து நிற்கிறது.

நம் அண்டையிலேயே சான்று உண்டு. 1962 செப்டம்பர் 1ஆம் நாள், மலேசியாவுடன் இணைவது பற்றிச் சிங்கப்பூரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தாளில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் இணைப்பின் வகைகளே. ‘இணைய வேண்டாம்’ என்னும் தெரிவு அதில் இல்லை. எதிர்த்த பாரிசான் சோசியாலிஸ் கட்சி, வெற்றுத்தாளைப் போடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. நான்கில் ஒரு பங்கினருக்கும் சற்று அதிகமானோர் அப்படியே செய்தனர். முதல் தெரிவு ஏறத்தாழ 71 விழுக்காடு பெற்று வென்றது. இணைப்பு நல்லதா தீயதா என்பது வேறு விவாதம். இலக்கணக் கண்ணால் பார்த்தால், மறுத்துரைக்கும் விடைக்கு அந்தத் தாளில் இடமே வைக்கவில்லை.

மாறாக, சொல்லைத் திருத்திய சான்றும் உண்டு. 2014இல் ஸ்காட்லாந்து தனிநாடாவது குறித்த வினாவை, அந்நாட்டு அரசு முதலில் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்னும் வாய்பாட்டில் அமைத்தது. தேர்தல் ஆணையம் அதைச் சோதித்து, அத்தொடர் ஆம் என்னும் பக்கமே சாய்க்கிறது என்று கூறி மாற்றுவித்தது. யாரேனும் நம்மிடம் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மறுப்பது மரியாதைக் குறைவாகப் படும். தமிழரைக் கேட்கவே வேண்டா.

தமிழில் வினா எழுதுவோர்க்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு. ‘ஆ’ என்னும் வினா இடைச்சொல் எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அங்கே அழுத்தம் விழும். ‘டத்தோ பண்டாரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா?’ என்பது ஒரு வினா. ‘டத்தோ பண்டாரை மக்களா தேர்ந்தெடுக்க வேண்டும்?’ என்பதில் ஏளனம் ஒலிக்கிறது. மலாயின் ‘கா’ இடைச்சொல்லும் இப்படி அழுத்தம் பெறும் சொல்லைப் பற்றிக்கொள்வதே. தலைநகருக்கு மீண்டும் தேர்தல் வேண்டுமா என்ற பேச்சு அண்மையில் வலுத்துவருகிறது. நாளை அப்படியொரு தாள் நம் கைக்கு வருமாயின், முதலில் ‘ஆ’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அந்தத் தாள் வரும்வரை நம் கையில் இருப்பது நகரத் திட்டம். கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 என்பதன் வரைவு 2024இல் பொதுமக்கள் கருத்துரைக்க வைக்கப்பட்டு, 2025இல் அரசிதழில் ஏறியது. எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது பூங்கா, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதில் வண்ணங்களாகவும் எண்களாகவும் உள்ளன. அதில் ‘நிஸ்பா பிளாட்’ என்று ஒரு கலைச்சொல் வரும். மொத்தத் தளப்பரப்பை நிலப்பரப்பால் வகுத்த ஈவு என்பதே அதன் பொருள். ஓர் ஏக்கர் நிலத்துக்கு 4 என்று இருந்தால் அதன்மேல் நான்கு ஏக்கர் தளம் எழலாம். அந்த 4 அடுத்த பதிப்பில் 8 ஆனால், ‘உங்கள் தெருவில் இருமடங்கு கட்டடம் எழலாமா?’ என்று நகரம் நம்மிடம் கேட்டுவிட்டது என்று பொருள். கேட்டது நம் காதில் விழவில்லை, அவ்வளவே. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் படிக்கவியலாத நம் முதியோர்க்கு அந்த எண் கண்ணிலும் படுவதில்லை. ஒரு மொழி மன்றம் செய்யத்தக்க பணி இங்கே காத்துக்கிடக்கிறது.

இத்தாளில் எழுதுவதால் என்ன பயன் என்பார்க்கு, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்காவுக்காக நடத்திய வழக்கைச் சுட்டுவோம். 2023 ஏப்ரலில் நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற அமர்வு, மாநகர் மன்றம் வழங்கிய மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நகரின் கட்டமைப்புத் திட்டம் வெறும் அறிவுரையன்று, டத்தோ பண்டாரைக் கட்டுப்படுத்தும் சட்ட ஆவணம் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. பூங்கா என்று ஒரு சொல் திட்டத்தில் இருந்தது. அச்சொல் நின்று காத்தது.

இனி நன்னூலாரின் எண்வகை விடைக்கு வருவோம். ‘இவ்விடத்தில் நாற்பது மாடி எழலாமா?’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எழலாம் என்பது நேர்விடை. கூடாது என்பது மறை. வாக்குத் தாள் இவ்விரண்டை மட்டுமே வாங்கிக்கொள்ளும். ‘உங்கள் வீட்டருகில் கட்டிக்கொள்ளுங்கள்’ என்பது ஏவல், கோபத்தில் வருவது. ‘எழாவிட்டால் யாருக்கு என்ன கெடும்?’ என்பது எதிர்வினா. ‘சென்ற மழைக்கே வடிகால் நிரம்பிக் கடைக்குள் நீர் புகுந்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘இனிப் பள்ளி விடும் நேரத்தில் ஆம்புலன்ஸ் நுழைய வழியிராது’ என்பது உறுவது கூறல். ‘முதியோர்க்கு ஒரு மருந்தகம் அமையலாம்’ என்பது இனமொழி. எஞ்சிய சுட்டு, வரைபடத்தில் விரல் வைத்து ‘இந்த மனை’ என்று காட்டுவது.

திட்டத்துக்கு எழுதும் ஆட்சேபக் கடிதம் இந்த எட்டையும் ஏற்கும். வாக்குத் தாளைவிட அகன்ற வாயில் அது. ஆயினும் நாம் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாசகத்தை நகலெடுத்து, ‘வன்மையாக எதிர்க்கிறோம்’ என்று முடிந்துவிடுகின்றன. எட்டு விடைகளுக்கு இடமிருக்க, மறை ஒன்றோடு நின்றுவிடுகிறோம். அதிகாரியின் மேசையில் நூறு மறைகள் ஓர் எண்ணிக்கை ஆகும். உற்றதை உரைக்கும் ஒரு கடிதம் அவர் பதில் சொல்லியாகவேண்டிய ஒரு செய்தி ஆகும். தெருப்பெயர், நாள், நீர் நின்ற உயரம், இவை போதும். கிள்ளான் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோலாலம்பூருக்குத் திட்டமிடல் சட்டம் தனியே, 267ஆம் சட்டம், உங்களுக்கு 172ஆம் சட்டம். கடிதத்தில் சட்ட எண்ணை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கையொப்பமிடும் இடத்தில் ‘நாம்’ வேண்டா, ‘நாங்கள்’ என்று எழுதுங்கள். மலாயில் ‘கித்தா’ வேண்டா, ‘காமி’. கேட்பவரை உள்ளடக்காத பன்மை அது. கேட்பவர் யார், விடை சொல்பவர் யார் என்பது அச்சொல்லிலேயே பிரிந்து நிற்கும். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை.

அந்த அடுக்குமாடித் தீர்மானம் என்ன ஆயிற்று என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். தடை நீங்கிற்று. அந்த அம்மையார் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நம் பக்கத்தில் உட்காரவில்லை. மேசைக்கு நேர் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் எழுந்து, “கை தூக்கினா என்ன நடக்கும், தூக்கலன்னா என்ன நடக்கும், அதச் சொல்லுங்க” என்று கேட்டார்.