ஒருமுறைதான் எறியலாம்

சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கம், பஃபலோ ரோட்டுப் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் நாலைந்து பிள்ளைகள் பகடை உருட்டுவதைப் பார்த்தால், சூதாட்டம் என்று போலீஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். பகடைக்கு 20 முகம் இருந்தால் அது எங்கள் கூட்டம்தான்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக அதற்குள் நடமாடுவார்கள். கதை நடத்துகிறவன் நான். என்னோடு ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்றே ஒன்று: “அண்ணே, இன்னும் ஒரு மந்திர வாள் குடுங்கண்ணே!”

கொடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கழுத்தில் நாலு தாயத்து, இடுப்பில் மூன்று வாள். பூதம் வாயைத் திறப்பதற்குள் சண்டை முடிந்துவிடும். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இதற்கு வழி தேடி நான் ரொம்ப தூரம் போகவில்லை, பாரதத்துக்குத்தான் போனேன். இந்திரன் கவசத்தையும் குண்டலத்தையும் வாங்கிக்கொண்டு கர்ணனுக்குச் சக்தி ஆயுதத்தைக் கொடுத்தான் அல்லவா? என்ன நிபந்தனை? ஒருமுறைதான் எறியலாம். எறிந்தால் இந்திரனிடமே திரும்பிவிடும். அர்ச்சுனனுக்கென்றே அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான் கர்ணன். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவர் சேனையைத் துவம்சம் செய்கிறான். எறி, எறி என்று எல்லாரும் கத்துகிறார்கள். எறிந்துவிடுகிறான். கடோத்கசன் விழுகிறான், பாண்டவர்கள் அழுகிறார்கள், கண்ணன் மட்டும் மகிழ்கிறான். நினைத்தபோதெல்லாம் எறியலாம் என்றிருந்தால், அந்த இரவுக்கு என்ன கனம் இருந்திருக்கும், சொல்லுங்கள்?

அட்சய பாத்திரமும் அப்படித்தான். திரௌபதி சாப்பிட்டுக் கை கழுவியதும் அன்றைய படி முடிந்தது. அதனால்தான் துர்வாசர் சீடர் படையோடு வந்து நிற்கும்போது நமக்கே வயிற்றைப் பிசைகிறது. இந்த விளையாட்டில் தீக்கோளம் வீசும் கோல் ஒன்று உண்டு. அதற்கு 7 வீச்சு. விடிந்தால் பகடை போட்டு, விழுந்த எண்ணுக்கேற்பக் கொஞ்சம் நிரம்பும். ஏழாவதையும் வீசிவிட்டால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் கோலே சாம்பல். மிச்சமிருக்கும் அந்த ஒரு வீச்சைக் காப்பாற்ற எங்கள் பிள்ளைகள் படும் பாடு இருக்கிறதே, கஞ்சனின் காசுப்பை தோற்றுவிடும்!

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னொரு கட்டுப்பாடு. பெரிய சக்தி உள்ள பொருளை எடுத்து மாட்டினால் மட்டும் போதாது. ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்து மனத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இதை ‘அட்யூன்’ என்பார்கள். ஒரே நேரத்தில் மூன்றோடுதான் முடியும்.

எங்கள் மந்திரவாதி ஒரு பாலிடெக்னிக் மாணவி. மோதிரம், மேலங்கி, தீக்கோல் மூன்றும் ஏற்கெனவே அவளோடு பொருந்தியிருந்தன. டிராகன் குகையில் பனி பொழியும் தண்டம் கிடைத்தது. “மோதிரத்தைப் பையில வச்சுக்கிட்டு, தேவைப்படும்போது போட்டுக்கிறேண்ணே.” “தாராளமா போட்டுக்கம்மா. ஒரு மணி நேரம் உட்காரணும், அதுவரைக்கும் பூதம் காத்திருக்குமா?” பிள்ளை பரோட்டாவை ஆறவிட்டு யோசித்தாள். கடைசியில் மேலங்கியைக் கழற்றி, புதையல் பங்கில் தன்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் திருடனுக்கே கொடுத்தாள். அன்றிலிருந்து எந்தச் சண்டையிலும் அந்தத் திருடன்தான் அவளுக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறான். இதை நான் எழுதி வைக்கவில்லை. மூன்று என்ற கணக்கு எழுதிய காட்சி அது.

கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும். 1978 விதிநூலில் பாலடின் என்ற அறவீரனுக்கு மொத்தமே 10 மாயப்பொருள்தான். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில், உடம்பில் அணிந்து பலன் பெறும் பொருள்கள் நாளொன்றுக்கு 10. எனக்கு மூன்றுதான் பிடிக்கும். பத்து என்றால் பட்டியல் போடத்தான் நேரம் சரியாக இருக்கும்.

மறுபடி பாரதத்துக்கே வருகிறேன்: தீபாவளிக்கு முன் தீமிதி வரும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் திரௌபதியை நினைத்து நடப்பார்கள். பாரதக் கதையைக் கிளைக்கதைகளோடு சொல்லத் தெரிந்த பாட்டிமார் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து கதை நடத்துவார் என்று ஆசையோடு காத்திருக்கிறேன். பகடை நாங்கள் தருகிறோம், பாட்டி.