சிப்பாயின் பென்ஷனும் ஆலோசகரின் பொறுப்பும்

பென்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே இளைஞர்களுக்குக் கொட்டாவி வரும். அறுபது வயதில் கிடைக்கப்போகும் பணத்தைப் பற்றி இப்பொழுது என்ன பேச்சு என்று தோன்றும். பிரிட்டிஷ் ராணுவத்தில் பதினெட்டு வயதில் சேர்ந்து, முப்பது வயதில் வெளியே வந்த சிப்பாய்கள் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அலட்சியத்தை முதலாகப் போட்டு அங்கே ஒரு வியாபாரமே நடந்தது. அதனால் நஷ்டமடைந்தவர்கள் எவ்வாறு ஈடு கேட்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. சட்டமும் பொருளாதாரமும் பயிலும் மாணவர்களுக்கு இதிலே யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் அந்தப் பென்ஷன் எத்தகையது என்று பார்ப்போம். 1975-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, இருபத்திரண்டு ஆண்டு முழுமையாகப் பணி செய்த சிப்பாய்க்கு வெளியே வந்தவுடனே பென்ஷன் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் விலகியவருக்கு அது உடனே கிடைக்காது; அவர் பெயரில் காக்கப்பட்டு, அறுபதாவது வயதில் தரப்படும். 2006-க்குப் பிறகு செய்த பணிக்கு அந்த வயது அறுபத்தைந்து. விலைவாசி ஏற ஏற இத்தொகையும் ஏறும். சிப்பாய் இறந்தால் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்காகச் சம்பளத்திலிருந்து நேரடியாக எதுவும் பிடிப்பதில்லை. தன் கையிலிருந்து போகாத பணத்தின் மதிப்பு மனிதனுக்கு எளிதில் விளங்குவதில்லை அல்லவா? சிப்பாய்க்கும் விளங்கவில்லை.

1988-ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டனில் 'சொந்தப் பென்ஷன்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. வேலை கொடுத்தவரின் திட்டத்தை விட்டு விலகி, தனியார் நிறுவனத்தில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். அரசாங்கமும் அதை ஊக்குவித்தது. ஆலோசகர்களும் முகவர்களும் வீடு தேடி வந்தார்கள். "உன் பணம் ராணுவத்தில் முப்பது ஆண்டு சும்மா கிடக்கப்போகிறதே! அதை மொத்தமாக எடுத்துப் பங்குச் சந்தையில் போட்டால் எவ்வளவு வளரும், பார்!" என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். மாற்றம் நடந்தால் அவர்களுக்குக் கமிஷன், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

உண்மையில் ராணுவத்தில் அந்தப் பணம் 'கிடக்க'வே இல்லை. அத்திட்டத்துக்குத் தனி நிதி கிடையாது. பென்ஷன் அரசாங்கக் கருவூலத்திலிருந்து வருவது. சிப்பாயிடம் இருந்தது பணம் அன்று, ஒரு வாக்குறுதி. அவர் எத்தனை வயது வரை வாழ்ந்தாலும், விலைவாசி எப்படிப் போனாலும், அது நிற்காது. ஊற்றுள்ள கேணியைக் கொடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை வாங்கிக்கொள்வது போன்றது இந்த மாற்றம். குடம் பெரிதாகவே தெரியும். ஆனால் சந்தை சரிந்தாலும், நிறுவனம் கட்டணம் பிடித்தாலும், ஆயுள் நீண்டாலும் குறைவது அந்தக் குடத்து நீர்தான்.

இவ்விதம் ஏமாந்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்லர். ஆசிரியர்கள், தாதியர், சுரங்கத் தொழிலாளர் எனப் பலரும் நல்ல திட்டங்களை விட்டு வெளியேறினார்கள். 1994-இல் மேற்பார்வை அதிகாரிகள் விற்பனைகளை மறுபரிசீலனை செய்யத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனங்கள் கொடுத்த ஈடு ஆயிரம் கோடி பவுனுக்கும் மேல். இயன்ற இடங்களில் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த மனிதரைப் பழைய திட்டத்திலேயே மீண்டும் சேர்த்தார்கள். அதுவே சிறந்த பரிகாரம் என்பது என் கருத்து. 2015 ஏப்ரலில் சட்டம் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. தனி நிதி இல்லாத அரசாங்கத் திட்டங்களிலிருந்து இத்தகைய தனிக் கணக்குகளுக்குப் பென்ஷனை மாற்ற முடியாது. ராணுவத் திட்டமும் அதில் அடங்கும். அதற்கு முன்னரே மாறிப் போனவர்களின் வழக்குகள்தாம் எஞ்சியிருக்கின்றன.

ஈடு கேட்பவர் எதை நிரூபிக்க வேண்டும்? சந்தை விழுந்தது, பணம் குறைந்தது என்பது போதாது. நல்ல ஆலோசனையும் நஷ்டத்தில் முடியலாம். கெட்ட ஆலோசனையும் தற்செயலாக லாபம் தரலாம். ஆகவே, ஆலோசனை சொன்ன அன்று அந்த மனிதரின் வயது, குடும்பம், கடன், நஷ்டத்தைத் தாங்கும் சக்தி ஆகியவற்றைப் பார்த்தால் அது பொருத்தமானதா என்றுதான் கேட்கிறார்கள். உறுதியான பென்ஷனை விட்டு வெளியேறுவது பொருத்தமற்றது என்ற அனுமானத்திலிருந்தே ஆலோசகர் தொடங்க வேண்டும் என்று அந்நாட்டு விதியே சொல்லுகிறது. ஆலோசகர் அன்று எழுதிக் கொடுத்த கடிதம் பல வழக்குகளில் அவருக்கே எதிர்ச் சாட்சியாகிறது. அதைப் பத்திரமாக வைத்திருந்த சிப்பாய் பாக்கியசாலி.

முறையீடு முதலில் அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். எட்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, நிதித்துறை ஆம்பட்ஸ்மன் என்ற குறைகேள் அமைப்பிடம் செல்லலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. அதன் முடிவை முறையிட்டவர் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தும். காலவரையறை கண்டிப்பானது: ஆலோசனை நடந்து ஆறு ஆண்டு; அல்லது, முறையிடக் காரணம் உண்டென்று தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு; இவற்றில் எது பிந்தியதோ அது. பென்ஷன் விஷயத்தில் தவறு தெரியவே இருபது ஆண்டு ஆகலாம் என்பதால், அந்த இரண்டாவது வரையறைதான் பலருக்கு உயிர்நாடி.

நிறுவனமே மறைந்துவிட்டிருந்தால்? அதற்கென நிதிச் சேவைகள் ஈட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. நிதி நிறுவனங்களிடம் வசூலிக்கும் பணத்தில் நடப்பது அது. 2019 ஏப்ரலில் இதன் உச்ச வரம்பு 50,000 பவுனிலிருந்து 85,000 பவுனாக உயர்ந்தது. அதற்கு முன்பே முறிந்த நிறுவனமாயின் பழைய வரம்புதான். "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பங்கு கேட்டு வரும் இடைத்தரகர்களும் உண்டு. இலவசமாகத் திறந்திருக்கும் கதவுக்கு ஏன் காவல்காரன் கூலி?

இனி, ஈட்டைக் கணக்கிடும் முறை. தவறான ஆலோசனை நேராதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் இயன்ற மட்டும் அந்த நிலையில் அவரை வைக்க வேண்டும் என்பது கோட்பாடு. கைவிட்ட பென்ஷனை இன்று விலைக்கு வாங்க எவ்வளவு ஆகும்? கையிலிருக்கும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஈடு. இதிலே ஒரு விசித்திரம் உண்டு. வட்டி விகிதம் தாழ்ந்திருந்தால் வாழ்நாள் வருமானத்தின் விலை ஏறும், ஈடும் பெருகும்; வட்டி உயர்ந்தால் ஈடு சுருங்கும்.

பிரிட்டிஷ் ஸ்டீல் தொழிலாளர்கள் வழக்கில் இது கண்கூடாயிற்று. 2017-ஐ ஒட்டி ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அத்திட்டத்தை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் பெற்ற ஆலோசனையில் பாதியளவு பொருத்தமற்றது என்று அதிகாரிகளே கண்டார்கள். ஈடு வழங்கும் தனித் திட்டம் 2023-இல் தொடங்கியது. ஆனால் 2022-இலேயே வட்டி விகிதம் வெகுவாக உயர்ந்துவிட்டது. ஆலோசனை தவறென்று தீர்ந்த பிறகும் பலருக்கு ஈட்டுத் தொகை பூஜ்யம் என்று வந்தது. கணித முறையில் அது சரியே. அன்றைய விலையில் அவர்கள் பழைய வருமானத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது. ஆயினும், ஒரே தவறுக்கு 2021-இல் முறையிட்டவர் பெருந்தொகை பெறுவதும், 2023-இல் முறையிட்டவர் வெறுங்கையோடு திரும்புவதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பல ஆண்டு தூக்கமிழந்ததற்காக ஆம்பட்ஸ்மன் தனியே ஒரு தொகை விதிக்கலாம். அது பெரும்பாலும் சில நூறு பவுன்.