வெண்ணெய் முதலில்

மும்பை தாதர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பூ மார்க்கெட் வாசம் வரவேற்கும். அந்தப் பக்கம் சாண்ட்விச்காரர் யாராவது கண்ணில் பட்டால் அவர் கையைக் கவனியுங்கள். ரொட்டியில் முதலில் வெண்ணெய், ஓரம் வரைக்கும். மேலே பச்சைச் சட்னி. அப்புறம்தான் உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி. சூட்சுமமே அந்த வரிசைதான். தக்காளியில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். வெண்ணெய்ப் பூச்சு இல்லையென்றால் ரொட்டி சொதசொதத்துப் போகும்.

இத்தாலிக்காரர்கள் சாண்ட்விச்சில் தக்காளியோடு மொசரெல்லா சீஸும் பேசில் இலையும் சேர்ப்பார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை: அவர்கள் கொடியின் நிறம். அதை வீட்டில் செய்வதானால் தக்காளி வில்லைகளில் உப்புத் தூவி, 10 நிமிஷம் வடியவிட்டு, துணியில் ஒற்றியெடுங்கள். தண்ணீரில் மிதந்து வரும் மொசரெல்லாவுக்கும் அதே வைத்தியம்.

பேசில் என்றதும் மாடத்துத் துளசியைப் பறித்துவிடாதீர்கள். அதன் காரம் வேறு. இது நம்மூர் திருநீற்றுப்பச்சிலை. ஃபலூடாவில் வழுவழுவென்று மிதக்கிறதே சப்ஜா, அது இதன் விதைதான். தொட்டி மண்ணில் தூவிப் பாருங்கள், பெரும்பாலும் முளைத்துவிடும்.

எனக்கு அந்த இத்தாலி சாண்ட்விச்சின்மேல் ஒரு சிட்டிகை சாட் மசாலாவும் வேண்டும். இத்தாலிக்காரர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால்!