ஒன்பது பெயர்கள்

1776 ஜூலையில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய ஊர் பிலடெல்பியா. 2026இல் அதற்கு 250 ஆண்டு. கொண்டாட வருகிறவர்கள் சுதந்திர மணியைப் பார்ப்பார்கள். அதன் பக்கத்திலேயே, அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் குடியிருந்த வீடு நின்ற இடத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். அங்கே அவர் அடிமைகளாக வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள், முக்கியமாகக் கறுப்பின மக்கள், ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 2010இல் அந்த நினைவிடம் திறந்தது.

ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்றது பென்சில்வேனியா சட்டம். கெடு முடியுமுன் தன் வீட்டு அடிமைகளை வெளி மாநிலத்துக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்தார் வாஷிங்டன்! ஒன்பது பேரில் ஒருவரான ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796இல் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறிக் கப்பலேறினார். ஆள் விட்டுத் தேடியும் பிடிக்க முடியவில்லை. 1848இல் இறக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் தப்பியோடிய அடிமையாகவே, நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்தார்.