குரல் வந்தது, முகவரி வரவில்லை!

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். இன்று நாம் தொலைபேசியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். இது விழாவுக்கு உரிய பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் கடல் கடந்து பணியாற்ற, முதியோர் இங்கே தனித்திருக்கும் இல்லங்கள் எத்தனை! அவற்றை எண்ணிப் பார்த்தால் இது நம் வீட்டுப் பொருளே என்பது விளங்கும்.

முன்னாளில் கூடத்து மூலையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று அமர்ந்திருந்ததை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு நற்குணங்கள் இருந்தன. செப்புக் கம்பி வழியாக, இணைப்பகத்திலிருந்தே அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஆதலின் வீட்டு விளக்கு அணைந்தாலும் அதன் வாய் அடைபடவில்லை. அக்கம்பி குறித்த ஒரு வீட்டிற்கே சென்றது; ஆதலின் எண் தெரிந்தால் வீடும் தெரிந்துவிடும்.

ஆபத்துக் காலத்தில் அழைக்கும் எண்கள் யாவும் இவ்விரு குணங்களை நம்பியே எழுந்தன. 1935ஆம் ஆண்டு இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். தீயணைப்புப் படையை அழைத்த அண்டை வீட்டார், இணைப்பகத்தின் விடைக்காகக் காத்துக் கிடக்க நேர்ந்தது. அத்துயரின் பயனாக 1937 ஜூன் 30ஆம் நாள் 999 என்னும் எண் பிறந்தது. அமெரிக்காவில் 1968 பிப்ரவரியில் 911 வந்தது.

இன்றோ குரல் இணையத்தின் வழியே செல்கிறது. பேச்சு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து சென்று, மறுமுனையில் ஒன்று சேர்கிறது. செலவு குறைவு, வசதி மிகுதி. ஆனால் அந்த எண் எந்த வீட்டிற்கும் கட்டுப்பட்டதன்று. கருவியை எந்த ஊருக்கு எடுத்துச் சென்றாலும் அதே எண் அங்கே பேசும். இதுவே வசதி, இதுவே ஆபத்தும் ஆகும்.

2008ஆம் ஆண்டு கனடாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒன்டாரியோ மாநிலத்திலிருந்து கால்கரி நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், தன் இணையத் தொலைபேசியையும் உடன் கொண்டு சென்றது. ஒரு நாள் குழந்தைக்கு உடல்நிலை மோசமாயிற்று. உடனே 911ஐ அழைத்தனர். ஆம்புலன்ஸ் புறப்பட்டது, ஆனால் எங்கே? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், அவர்கள் விட்டு வந்த பழைய வீட்டிற்கு! ஏட்டில் இருந்தது அந்த முகவரியே. பின்னர் அண்டை வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்தபோது ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்தது. எனினும் அக்குழந்தை பிழைக்கவில்லை. குடிபெயர்ந்து வாழும் நமக்கு இது பிறர் கதையாகுமோ?

நம் நாட்டில் காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 எனப் பிரிந்து கிடந்த உதவிகளை 112 என்னும் ஒரே எண்ணின்கீழ் இணைக்கும் முயற்சி, 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் கேரளமும் தமிழ்நாடும் அதில் சேர்ந்தன. இவ்வமைப்பை உருவாக்கியது இதே திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் என்பது நம் நகருக்குப் பெருமை.

ஆயினும் இணையக் குரலுக்கு முழு வழி இன்னும் அமையவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 அக்டோபரில் அளித்த பரிந்துரையில், இணையத் தொலைபேசி தருவோர் அவசர எண்ணுக்கு வழி செய்ய ஊக்குவிக்கப்படலாம். ஆனால் இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டா. குறைபாட்டை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கூறியது. அமெரிக்காவோ 2005ஆம் ஆண்டிலேயே அதைக் கட்டாயமாக்கியது. மின்சாரம் நின்றாலும், வேறு வழியற்றோர் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வகை செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு நெறி வகுத்துள்ளது. குரலோடு இருப்பிடமும் சேர்ந்தே வருமாறு அவசர நிலையங்கள் மாற வேண்டும். சட்டமும் அதனைத் தாங்க வேண்டும். இதனை நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, வாட்ஸப் வழியாக 112ஐ அழைக்க இயலாது என்பதை வீட்டிலுள்ள முதியோர்க்கும் சிறுவர்க்கும் சொல்லிவையுங்கள். கைப்பேசியின் சாதாரண அழைப்பே அதற்கு வழி.

இரண்டாவது, ஒளியிழை இணைப்பில் இயங்கும் வீட்டுத் தொலைபேசி, மோடத்திற்கு மின்சாரம் இல்லையேல் ஊமையாகிவிடும். துலாவர்ஷ இரவில் இடியோடு மின்சாரமும் போகும்போது அதை நம்பியிருத்தல் தகாது. மோடத்திற்குச் சிறு மின்கல அமைப்பு ஒன்று வையுங்கள். கைப்பேசியில் மின்னேற்றம் இருக்கட்டும்.

மூன்றாவது, துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகன், காணொளியில் பேசிக்கொண்டிருக்கையில் தாய் மயங்கி விழக் காண்கிறான் என்று வையுங்கள். அவன் அங்கிருந்து 112ஐ அழுத்தினால் அவ்வழைப்பு திருவனந்தபுரத்திற்கு வாராது. ஆதலின் நம் பகுதிக் காவல் நிலையத்தின் முழு எண்ணையும், 0471 என்னும் பகுதி எண்ணோடு, அண்டை வீட்டார் இருவரின் எண்களையும் பிள்ளைகளுக்கு இன்றே அனுப்பிவையுங்கள்.

நான்காவது, வீட்டின் டி.சி. எண், தெருப் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது கடை ஆகியவற்றை மலையாளத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தாய்மொழியே முந்திக்கொண்டு வரும். கேட்பவருக்கோ மலையாளமே எளிது. அழைத்தவுடன் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். நோயையும் நெருப்பையும் பிறகு சொல்லலாம். பாதியில் தொடர்பு அறுந்தாலும், இடம் தெரிந்தால் உதவி வந்து சேரும்.

ஊர் மாறியவர்கள் புதிய ஊரைச் சொல்லித்தான் தீர வேண்டும். பழைய கம்பி நமக்காக அதைச் சொல்லிற்று. இன்று நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. விழா முடிந்து வீடு சென்றதும், உறங்குமுன் அச்சிறு தாளை எழுதி ஒட்டுங்கள்.