கருப்பைக் கட்டியும் அதற்குரிய மருத்துவமும்

நம் வீடுகளில் சில நோய்களைப் பெயர் சொல்லிப் பேசுகிறோம்; சில நோய்களைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. தாயாரோ பெரியம்மாவோ மாதந்தோறும் பல நாட்கள் சோர்ந்து படுத்துவிடுகிறார், முகம் வெளுத்திருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால், 'உடம்புக்கு முடியவில்லை' என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிறகு ஒரு நாள், 'கர்ப்பப்பையில் கட்டியாம். எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்' என்ற செய்தி வரும். கட்டி என்றதுமே வீட்டார் புற்றுநோயை எண்ணி நடுங்குவர். எடுக்கச் சொன்னது கட்டியையா, கருப்பையையா என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மாணவியர் மட்டுமன்றி மாணவரும் இதனைக் கேட்க வேண்டும்; தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் அவர்களுடையதே.

கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அத்தசையிலுள்ள ஓர் உயிரணு அளவு மீறிப் பெருகி, தசையும் நாருமாகத் திரண்டு உருண்டையாவதே இக்கட்டி. மருத்துவர் இதனைப் பைப்ராய்டு என்பர். நாம் நார்க்கட்டி எனலாம். பட்டாணி அளவில் நின்றுவிடுவதும் உண்டு. தேங்காய் அளவுக்கு வளர்வதும் உண்டு. இது புற்றுநோய் அன்று. நார்க்கட்டி என்று கருதப்பட்டது பின்னர்ப் புற்று என்று தெரிய வருவது மிக அரிது. பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டெரோன் என்னும் இரண்டு சுரப்புநீர்களைக் கொண்டே இது வளர்கிறது. ஆதலால் மாதவிடாய் முற்றிலும் நின்ற பின்னர்ப் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 50 வயதுக்குள் வெள்ளையர் இனப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 பேருக்கு மேலும் இக்கட்டி தோன்றுகிறது. அவருள் பலர், இப்படி ஒன்று தம் வயிற்றில் இருப்பதை அறியாமலே வாழ்ந்தவர்கள். ஆகவே கட்டி இருக்கிறது என்பதனாலேயே அதை அகற்ற வேண்டும் என்று ஆகாது.

தொல்லை எதனால் வருகிறது? அளவைவிட இடமே முக்கியம். கருப்பையின் உட்புறச் சவ்வை ஒட்டி முளைத்த திராட்சை அளவுக் கட்டி பெரும் உதிரப்போக்கை உண்டாக்கலாம். வெளிப்புறமாக வளர்ந்த மாங்காய் அளவுக் கட்டி ஒரு தொந்தரவும் தராமல் இருக்கலாம், அல்லது சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி எழுந்து போகச் செய்யலாம். உதிரம் மிகுதியாகப் போவதால் இரத்தச் சோகை உண்டாகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர்கள். முன்பே இரத்தம் குறைந்த உடலில் இந்த இழப்பும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை நீங்களே உணரலாம்.

கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டறிய இன்று வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஒலியலைப் பரிசோதனை போதும். அதன் பிறப்பிலும் இக்கட்டிக்கு ஒரு பங்குண்டு. 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்றுப் பேராசிரியர் ஐயன் டொனால்டு, அறுவை செய்து எடுத்த நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் மோட்டார் வண்டிகளின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். இரும்புப் பற்றவைப்பில் வெடிப்பு உண்டா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதனை அக்கட்டிகளின்மேல் வைத்துப் பார்த்தபோது, நீர்க்கட்டி ஒரு விதமாகவும் நார்க்கட்டி வேறு விதமாகவும் எதிரொலி தருவது தெளிவாயிற்று. 1958-இல் அவரும் துணைவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகே மருத்துவ உலகம் அதனைக் கவனித்தது. இரும்பைச் சோதிக்க வந்த கருவி இன்று தாலுகா மருத்துவமனையிலும் பயன்படுகிறது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். தொல்லை இல்லாவிடில் காத்திருந்து, அவ்வப்போது பரிசோதித்துக் கொள்வதும் ஒரு மருத்துவமே. உதிரப்போக்கு மட்டும் துன்பம் என்றால் அதனைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதியர் 1962-இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம் அவற்றுள் ஒன்று. போக்கு மிகுந்த நாட்களில் மட்டும் அதை உட்கொண்டால் போதும். கருப்பைக்குள் வைக்கப்பட்டு, பல ஆண்டுகள் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் சாதனமும் உண்டு. ஆனால் கட்டியால் கருப்பையின் உள்ளறை உருமாறியிருந்தால் அது பொருந்தாது. சுரப்புநீர்களை அடக்கிக் கட்டியைச் சுருங்கச் செய்யும் ஊசிகள் உள்ளன. அவற்றை நெடுநாள் போட்டால் எலும்பு மெலியும். நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். ஆதலால் அறுவைக்கு முன் சில மாதங்கள் மட்டும் கொடுப்பர். எந்த மருந்தும் கட்டியை அடியோடு கரைத்துவிடாது. கரைத்துவிடும் என்று விளம்பரம் செய்வாரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அறுவையில் இரண்டு வழிகள் உள்ளன: கட்டியை மட்டும் எடுப்பது ஒன்று; கருப்பையையே எடுப்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான அறுவை மருத்துவர் இரண்டாவதையே செய்தனர். அது எளிது, இரத்த இழப்பும் குறைவு. இலண்டனில் விக்டர் பானி என்ற பெயர்பெற்ற மருத்துவர் இருந்தார், 1953-இல் மறைந்தார். அவருடைய மனைவிக்கே இக்கட்டியால் கடும் உதிரப்போக்கு உண்டாகி, கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லாமற் போயிற்று. அதன் பின்னர், கட்டிகளை மட்டும் தோண்டி எடுத்துக் கருப்பையைக் காக்கும் முறையைச் செம்மைப்படுத்துவதே பானி தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். அறுவையின்போது இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி ஒன்றையும் அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. சில ஆண்டுகளில் புதுக்கட்டிகள் முளைக்கக்கூடும். பின்னர்க் குழந்தை பிறக்கும்போது வயிற்றைத் திறந்து எடுக்க நேரலாம். ஆயினும் தாய்மையை விரும்பும் பெண்ணுக்கு இதுவே முதலில் எண்ணத்தக்க வழி. உள்ளறையில் முளைத்த சிறு கட்டியையோ, வயிற்றில் வெட்டே இல்லாமல், கருப்பை வாய் வழியாகக் குழல் செலுத்தி எடுத்துவிடலாம்.

வேறொரு வழி தற்செயலாகக் கிடைத்தது. பாரிசில் ஜாக் ராவினா என்ற மருத்துவரும் குழுவினரும், அறுவையில் இரத்த இழப்பைக் குறைப்பதற்காக, கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை நுண்துகள்களால் முன்கூட்டியே அடைத்தனர். அடைத்த பின்னர்ப் பலருக்குத் தொல்லை தீர்ந்து, அறுவையே வேண்டாமற் போயிற்று. 1995-இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள குழாய் வழியே இன்று இது செய்யப்படுகிறது. குழந்தை வேண்டுவோருக்குப் பொதுவாக இதனை முதலிற் பரிந்துரைப்பதில்லை.

கருப்பையை அகற்றுவது தீய வழி என்று நான் கூறவில்லை. குழந்தைப்பேறு முடிந்து, வேறு வழிகள் பயன் தராமல் வருந்தும் பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. கட்டி திரும்பவும் வராது. அதையே முதல் வழியாகக் கொள்வதுதான் கவலைக்குரியது. முற்கூறிய கணக்கெடுப்பில், 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பை இழந்தவர் இந்தியா முழுமைக்கும் 100-க்கு 3 பேர். ஆந்திரத்தில் ஏறத்தாழ 9, தெலுங்கானாவில் 8. ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் பெண்களின் உடல் இவ்வளவு வேறுபடுமா? வேறுபடுவது மருத்துவப் பழக்கமும் வறுமையும் அச்சமுமே என்பது என் கருத்து. கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இளவயதிலேயே சுரப்புநீர் நின்று எலும்பும் மெலியும். தேவையற்ற இவ்வறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்று நடத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த மற்றொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். அவ்வழக்கில் 44 வயதுடைய ஒரு பெண்மணி, குழல் செலுத்திப் பார்க்கும் சோதனைக்காக மயக்க மருந்து பெற்றுக் கிடந்தார். அந்நேரத்தில் வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டனர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அறிவு தெளிந்த வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர் அளிக்கும் சம்மதம் செல்லாது என்று நீதிபதிகள் கூறினர். பின்னால் வரும் வலியும் செலவும் மிச்சம் என்ற வாதத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. பெற்ற தாயின் சம்மதமே செல்லாதெனின், கணவனுடையதும் மகனுடையதும் எம்மாத்திரம்?

மருத்துவமனையில் கையெழுத்துக்காக நீட்டும் தாளில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரே இருக்கும். மயோமெக்டமி என்றிருந்தால் கட்டியை மட்டும் எடுப்பது. ஹிஸ்டரெக்டமி என்றிருந்தால் கருப்பையை எடுப்பது. அத்தாளைத் தாயாருக்குப் படித்துக் காட்டிப் பொருள் சொல்ல, பள்ளிப் படிப்புடைய ஒரு பிள்ளை உடனிருந்தாலே போதும். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.